வின்க்ஸ்: தாய்வழியில் வாசிக்க வேண்டிய ஒரு வம்சாவளி

பந்தயக் குதிரை ஒன்று பெரும் புகழ் அடைந்துவிட்டால், அதன் தகப்பன் யார் என்ற கேள்விதான் முதலில் எழும். ஆஸ்திரேலியாவின் வின்க்ஸ் என்ற பெண் குதிரை 2015 மே மாதம் தொடங்கி 2019 ஏப்ரல் வரை ஓடிய 33 பந்தயங்களிலும் தோல்வியே இல்லாமல் வென்று ஓய்வு பெற்றபோதும், ‘ஸ்ட்ரீட் க்ரையின் மகள் அல்லவா’ என்றே பலர் பேசி முடித்தார்கள். ஸ்ட்ரீட் க்ரை பெரிய குதிரை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், வின்க்ஸின் வம்சாவளியைப் பொறுமையாக எடுத்துப் படித்தால், அந்த ஆண் குதிரையின் பெயருக்குப் பின்னாலும் வரிசையாகத் தாய்க் குதிரைகளே நிற்பதைக் காண்கிறோம். அந்த வரிசையைப் பற்றியும், அதன் முடிவில் பிறந்த இந்தக் குதிரையின் ஓட்டத்தைப் பற்றியும் நெடுநாளாக எழுத நினைத்திருந்தேன்.

முதலில் ஓட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வின்க்ஸ் 2011 செப்டம்பர் 14 அன்று பிறந்தது. ஆஸ்திரேலியாவில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் ஆகஸ்ட் 1ஆம் தேதியே பிறந்தநாளாகக் கணக்கிடப்படுவதால், செப்டம்பரில் பிறக்கும் குட்டி தன் வயதுக் குழுவில் மூத்தவற்றோடு சேர்ந்துவிடும். அது ஒரு சிறிய நன்மை. ஜான் கமில்லேரியின் ஃபேர்வே தரோபிரெட்ஸ் என்ற பண்ணை அதை வளர்த்து, 2013இல் கோல்ட் கோஸ்ட் நகரில் நடந்த மேஜிக் மில்லியன்ஸ் ஏலத்தில் 2,30,000 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றது. பீட்டர் டை, டெபி கெபிடிஸ், ரிச்சர்ட் ட்ரீவீக் ஆகியோரின் கூட்டு உரிமையில் அது சிட்னியின் பயிற்சியாளர் கிறிஸ் வாலரிடம் வந்து சேர்ந்தது. அந்த ஏலங்களில் பத்து லட்சம் டாலரைத் தாண்டும் குட்டிகளும் உண்டு. ஆகவே இது கண்ணைப் பறிக்கும் விலை அல்ல.

வின்க்ஸைக் கொண்டாடும் பலர் அதன் முதல் பத்துப் பந்தயங்களைப் பேசாமலே கடந்துவிடுகிறார்கள். எனக்கோ அந்தப் பத்தும் மிக முக்கியமானவை. அவற்றில் அது வென்றது நான்கு மட்டுமே. மூன்று வயதுப் பருவத்தில் ஃபர்ஸ்ட் சீல் என்ற இன்னொரு பெண் குதிரைக்குப் பின்னால் வர வேண்டியிருந்தது. 2015 ஏப்ரலில் ஆஸ்திரேலியன் ஓக்ஸ் பந்தயத்தில் கஸ்ட் ஆஃப் விண்ட் அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. அன்று பந்தயத் திடலை விட்டு வெளியே வந்தவர்கள் யாரும், தாங்கள் பார்த்தது வின்க்ஸின் கடைசித் தோல்வி என்று அறிந்திருக்க முடியாது. நல்ல குதிரை, ஆனால் முன்வரிசைக் குதிரை அல்ல என்ற மதிப்பீடே அந்நேரத்தில் நியாயமானதாக இருந்தது. குதிரை உடலாலும் மனத்தாலும் முதிர்வதற்கு எடுத்துக்கொள்ளும் காலத்தை அவசரப்படுத்தாமல் காத்திருந்தது வாலரின் பெரிய திறமை என்று நான் நினைக்கிறேன்.

2015 மே 16 அன்று குயின்ஸ்லாந்தில் சன்ஷைன் கோஸ்ட் கினீஸ் நடந்தது. 1600 மீட்டர் ஓட்டம். வளைவைத் தாண்டும்போது வின்க்ஸ் கூட்டத்தின் கடைக்கோடியில் இருந்தது. முன்னால் ஓடும் குதிரைகளுக்கும் அதற்கும் இருந்த இடைவெளியைப் பார்த்தால் பந்தயம் கைவிட்டுப் போனதாகவே தோன்றும். அந்த இடத்திலிருந்து வெளிப்புறமாக விலகி, ஒன்றன்பின் ஒன்றாக அனைத்தையும் தாண்டி வந்து வென்றது. இரண்டு வாரம் கழித்துக் குயின்ஸ்லாந்து ஓக்ஸ் பந்தயத்தில் வென்றபோது, அது அதன் முதல் குரூப் 1 வெற்றியாயிற்று. பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரைகளின் பந்தயங்களில் உச்ச நிலைக்கு வழங்கும் பெயர் குரூப் 1. அந்த நிலையில் ஒரே ஒரு வெற்றி கிடைத்தாலும் ஒரு பெண் குதிரை பண்ணையில் மதிப்போடு வாழும். வின்க்ஸ் ஓய்வு பெறும்போது அந்தக் கணக்கு 25 ஆக இருந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று மெல்போர்னின் மூனி வேலி திடலில் நடந்த காக்ஸ் பிளேட் பந்தயத்தில்தான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. 2040 மீட்டர் ஓட்டம். பரிசுத் தொகையிலும் மக்கள் திரளிலும் இதைவிட மெல்போர்ன் கப் பெரிது. ஆனால் அது குதிரையின் திறமைக்கு ஏற்ப எடையைக் கூட்டியும் குறைத்தும் நடத்தும் பந்தயம். காக்ஸ் பிளேட்டிலோ வயதையும் பாலினத்தையும் மட்டுமே பார்த்து எடை வைப்பார்கள். ஆகவே எது உண்மையிலேயே சிறந்த குதிரை என்பதை அங்கேதான் பார்க்கலாம். அன்று வின்க்ஸ் 2 நிமிடம் 2.98 விநாடியில் திடலின் சாதனை நேரத்தோடு வந்தது; இரண்டாவதாக வந்த கிரைட்டீரியன் ஏறத்தாழ ஐந்து குதிரை நீளம் பின்னால் இருந்தது. மூன்றாவதாக வந்தது அயர்லாந்திலிருந்து வந்திருந்த ஹைலாண்ட் ரீல். பிற்காலத்தில் பல நாடுகளில் குரூப் 1 பந்தயங்களை வென்ற குதிரை அது.

அந்த வாரத்தில்தான் கன்னியாகுமரி பகவதி அம்மன் கோவிலின் பரிவேட்டையும் நடந்தது. விஜயதசமி நாளில் அம்மன் குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்கு எழுந்தருளி பாணாசுரனை வதம் செய்யும் அந்த விழாவில்தான், எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் நான்கு கால் பாய்ச்சலில் நிற்கும் ஒரு குதிரையின் உருவத்தை முதன்முதலாகப் பார்ப்பார்கள். உயிருள்ள பந்தயக் குதிரையைப் பார்க்க வேண்டுமானால் இங்கிருந்து சென்னைக் கிண்டிக்கோ ஊட்டிக்கோ போக வேண்டியிருந்தது. எனக்கு இந்த ஆர்வம் தாய்மாமாவிடமிருந்து வந்தது. துபாயில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பிய அவர், எங்கள் பக்கத்து மனிதர்கள் பலரும் வளைகுடாவிலிருந்து பேசிக்கொண்டு வரும் சம்பளம், வெயில் இவற்றோடு நாத் அல் ஷெபா பந்தயத் திடலைப் பற்றியும் பேசுவார். ஸ்ட்ரீட் க்ரை என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவரிடம்தான். சூதாட்டமாக அல்ல, ஓட்டமாகவும் வம்சமாகவும் குதிரைகளைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. பணம் கட்டுவதில் எனக்கு இன்றுவரை நாட்டமில்லை. மெல்போர்னில் மாலை நடக்கும் காக்ஸ் பிளேட் நம் நேரப்படி நண்பகலை ஒட்டி வரும். சனிக்கிழமைகளில் வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும் வேளையில் கைப்பேசித் திரையில் அதை அவரும் நானும் பார்ப்போம்.

2016ஆம் ஆண்டு காக்ஸ் பிளேட் எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்ததாகத் தோன்றுகிறது. அந்தப் பருவத்தில் ஹார்ட்நெல் என்ற குதிரை மிகச் சிறந்த ஓட்டத்தில் இருந்தது. இம்முறை வின்க்ஸுக்குச் சரியான போட்டி கிடைத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. கடைசி வளைவுக்கு முன்பே வின்க்ஸ் முன்னேறத் தொடங்கியது. நேர்ப்பாதையில் ஜாக்கி ஹியூ போமன் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. எட்டுக் குதிரை நீள வித்தியாசம். அந்தப் பந்தயத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் யாரும் வென்றதில்லை. தோற்ற ஹார்ட்நெல் பலவீனமான குதிரை அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் எளிதாக வென்ற பந்தயங்களை மட்டும் வைத்து ஒரு குதிரையின் உள்ளத்தை அறிய முடியாது. 2017 ஆகஸ்டில் வார்விக் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் கூண்டு திறந்தபோது வின்க்ஸ் சரியாகப் புறப்படவில்லை. மற்றவை ஓடத் தொடங்கிய பிறகு பல குதிரை நீளம் பின்தங்கிக் கிளம்பியது. 1400 மீட்டர் போன்ற குறுகிய ஓட்டத்தில் அந்த இழப்பை ஈடுசெய்வது கிட்டத்தட்ட முடியாத காரியம். தன் சொந்தத் தொழுவத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்பிளே முன்னால் ஓடிக்கொண்டிருக்க, கடைசி அடியில் மூக்கை நீட்டி வென்றது. அடுத்து நடந்த செல்ம்ஸ்ஃபோர்ட் ஸ்டேக்ஸில் ரெட் எக்ஸைட்மென்ட் என்ற குதிரை வெகுதூரம் முன்னே ஓடிவிட்டது; போமன் பதற்றப்படாமல் காத்திருந்து, நேர்ப்பாதையில் அந்தத் தூரத்தைக் குறைத்து எட்டிப் பிடித்தார். அந்த ஆண்டின் காக்ஸ் பிளேட்டிலும் ஹ்யூமிடார் கடைசி நூறு மீட்டரில் நெருங்கி வந்து அச்சுறுத்தியது. வின்க்ஸ் அரைக் குதிரை நீளத்துக்குள்தான் வென்றது, அதுவும் 2 நிமிடம் 2.94 விநாடியில், தன் பழைய சாதனை நேரத்தையே முறியடித்து. இந்த மூன்று ஓட்டங்களையும் பார்க்காமல் எட்டு நீள வெற்றியை மட்டும் பார்ப்பவருக்கு அது வேகமான குதிரை என்று மட்டுமே தெரியும். விட்டுக்கொடுக்காத குதிரை என்று தெரியாது.

அதன் ஓட்ட முறையிலும் ஒரு தனித்தன்மை உண்டு. பெரும் புகழ் பெற்ற பல குதிரைகள் நீண்ட எட்டு வைத்து ஓடுபவை. வின்க்ஸின் பலம் எட்டின் நீளத்தில் இல்லை. அடுத்தடுத்து எட்டு வைக்கும் விரைவில் இருந்தது. மற்ற குதிரைகளின் கால்கள் தளரத் தொடங்கும் கடைசி 400 மீட்டரிலும் அந்த விரைவைக் குறையாமல் வைத்துக்கொள்ள அதனால் முடிந்தது. பின்னாலிருந்து அது பாய்ந்து வருவதாகக் கண்ணுக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு, முன்னால் இருந்தவை மெதுவாகிக்கொண்டிருந்தபோது இது மெதுவாகாமல் இருந்ததுதான். 1400 மீட்டரிலும் 2040 மீட்டரிலும் ஒரே உறுதியோடு வெல்லும் குதிரைகள் அரிது. சேறான தரையிலும் காய்ந்த தரையிலும் அப்படி வெல்பவை அதைவிட அரிது.

2018 ஆகஸ்ட் 18 அன்று தன் 26ஆவது தொடர் வெற்றியைப் பெற்று, பிளாக் கேவியர் என்ற மற்றொரு ஆஸ்திரேலியப் பெண் குதிரையின் 25 என்ற சாதனையை அது தாண்டியது. முந்திய ஆண்டு தடுமாறிப் புறப்பட்ட அதே வார்விக் ஸ்டேக்ஸ்தான் அது. அதற்குள் பந்தயத்தின் பெயரையே வின்க்ஸ் ஸ்டேக்ஸ் என்று மாற்றியிருந்தார்கள். பிளாக் கேவியர் குறுந்தூர ஓட்டக்காரி. ஓடிய 25இலும் வென்று தோல்வியே அறியாமல் போனது. இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதத்தில் நான் இறங்கமாட்டேன், ஏனெனில் 1200 மீட்டர் ஓட்டமும் 2000 மீட்டர் ஓட்டமும் வெவ்வேறு கலைகள். அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று நான்காவது காக்ஸ் பிளேட். கிங்ஸ்டன் டவுன் என்ற ஆண் குதிரை 1980களின் தொடக்கத்தில் மூன்று முறை அதை வென்றிருந்தது. நான்கு முறை வென்றது வின்க்ஸ் மட்டுமே. 2018இல் உலகத் தரவரிசையில் 130 புள்ளிகளோடு ஐரோப்பாவின் கிராக்ஸ்மேனுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது.

வின்க்ஸ் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே போய் ஓடவில்லை என்பது அதன்மேல் வைக்கப்படும் குறை. இங்கிலாந்தின் ராயல் அஸ்காட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற பேச்சு இருந்தது, பிறகு கைவிடப்பட்டது. நெடுந்தூர விமானப் பயணமும் தனிமைப்படுத்தலும் ஆறு வயதுப் பெண் குதிரையின் உடலை என்ன செய்யும் என்பதை அறிந்தவர்கள் அதன் உரிமையாளர்களும் பயிற்சியாளரும்தான். அவர்களுடைய முடிவு சரியென்றே நான் கருதுகிறேன். மேலும், உலகம் அதைத் தேடி வந்தது. 2018இல் துபாய் டர்ஃப் பந்தயத்தை வென்ற, துபாயின் கோடால்பின் தொழுவத்தைச் சேர்ந்த பென்பேட்டில் நான்காவது காக்ஸ் பிளேட்டுக்காக மெல்போர்ன் வந்து, இரண்டு நீளம் பின்னால் இரண்டாவதாக முடித்தது. பெண் குதிரைக்கு எடையில் 2 கிலோ சலுகை உண்டு என்று சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தச் சலுகை எல்லாப் பெண் குதிரைக்கும் உண்டு, ஆனாலும் நான்கு காக்ஸ் பிளேட் வென்ற இன்னொன்று இல்லை.

2019 ஏப்ரல் 13 அன்று சிட்னியின் ராண்ட்விக் திடலில் குயின் எலிசபெத் ஸ்டேக்ஸ், கடைசி ஓட்டம். 40,000க்கும் மேற்பட்ட மக்கள் திரண்டிருந்தார்கள். ஜப்பானிலிருந்து வந்த குளூகரை ஒன்றரை நீளத்தில் வென்றது. 43 ஓட்டம், 37 வெற்றி, பரிசுத் தொகை 2 கோடியே 64 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

இனி வம்சாவளிக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அதுதான்.

தரோபிரெட் இனத்தின் எல்லாக் குதிரைகளும் ஆண்வழியில் மூன்று குதிரைகளில் போய் முடிகின்றன: டார்லி அரேபியன், பயர்லி டர்க், கோடால்பின் அரேபியன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த மூன்று பெயர்தான் முதலில் வரும். ஆனால் 1791இல் இங்கிலாந்தில் தொடங்கிய வம்சாவளிப் பதிவேடு தாய்க் குதிரைகளின் பெயரின்கீழ்தான் குட்டிகளை வரிசைப்படுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புரூஸ் லோ என்ற ஆஸ்திரேலியர், இங்கிலாந்தின் டெர்பி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் ஆகிய பெரும் பந்தயங்களில் வென்ற குதிரைகள் ஒவ்வொன்றையும் தாய், தாயின் தாய், அவள் தாய் என்று பின்னோக்கிக் கொண்டுபோய், அதிக வெற்றியாளர்களைத் தந்த குடும்பத்துக்கு 1 என்றும் அடுத்ததற்கு 2 என்றும் எண் கொடுத்தார். அந்தக் குடும்ப எண்கள் இன்றும் வழக்கில் உள்ளன. தாயிடமிருந்து மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்டிரியா மரபணுவைக் கொண்டு அண்மைக்காலத்தில் ஆராய்ந்தவர்கள், பழைய பதிவுகளில் சில இடங்களில் பிழை இருப்பதையும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பந்தய உலகில் இரண்டு குதிரைகளை உடன்பிறப்பு என்று சொல்ல வேண்டுமானால் தாய் ஒன்றாக இருக்க வேண்டும். தகப்பன் ஒன்றாக இருந்து தாய் வேறாக இருந்தால் உறவு சொல்லமாட்டார்கள். பொலிகுதிரை ஒன்று ஒரே பருவத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் குதிரைகளோடு சேரும். பெண் குதிரையோ பதினொரு மாதம் சுமந்து ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். தரோபிரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லாததால் இந்தக் கணக்கு மாறுவதுமில்லை. மருமக்கள்வழி வழக்கத்தை அறிந்த குமரி மாவட்டத்துக்காரருக்கு இது விளக்கமே தேவைப்படாத முறை. 1926இல் சட்டம் வந்து மாற்றத் தொடங்கும்வரை நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் குடும்பத் தலைவரான காரணவரின் சொத்து அவருடைய மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போயிற்று. குடும்பம் என்றால் தாயின் குடும்பம். அந்த முறையால் மனைவி மக்கள் பட்ட துயரம் பெரிது, அது ஒழிந்ததும் நல்லதே. ஆயினும் பரம்பரையைப் பெண்வழியில் எண்ணும் பழக்கம் எங்கள் பெரியவர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. குதிரைகளின் வம்சாவளிப் பக்கத்தை மாமா எனக்கு விளக்கியதும் அந்தப் பேச்சிலேயேதான்.

அந்தக் கண்ணோடு ஸ்ட்ரீட் க்ரையைப் பாருங்கள். 1998இல் பிறந்தது, 12 பந்தயங்களில் 5 வெற்றி. 2002இல் துபாய் வேர்ல்ட் கப்பை வென்றது. அதன் தாய் ஹெலன் ஸ்ட்ரீட், 1985ஆம் ஆண்டு ஐரிஷ் ஓக்ஸ் பந்தயத்தை வென்றது. 1979 எப்சம் டெர்பியின் வெற்றிக் குதிரையான ட்ராயின் மகள் அது. ஹெலன் ஸ்ட்ரீட்டுக்கும் ஸ்ட்ரீட் க்ரையின் தகப்பனான மேக்கியவெல்லியனுக்கும் பிறந்த இன்னொரு குட்டி ஹெல்சிங்கி என்ற பெண் குதிரை. ஸ்ட்ரீட் க்ரைக்கு முழு உடன்பிறப்பு. அந்த ஹெல்சிங்கியின் மகன்தான் 2005இல் பிரெஞ்சு டெர்பியை வென்ற ஷமார்டால். ஸ்ட்ரீட் க்ரைக்கு ஷமார்டால் சகோதரியின் மகன், நம் முறையில் மருமகன். மாமனும் மருமகனும் இருவரும் உலகெங்கும் வெற்றிக் குதிரைகளுக்குத் தகப்பன்மார் ஆனார்கள். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹெலன் ஸ்ட்ரீட் இல்லாமல் இரண்டும் இல்லை.

ஸ்ட்ரீட் க்ரையின் தகப்பன் மேக்கியவெல்லியனை எடுத்துக்கொண்டால் கதை இன்னும் ஆழமாகிறது. அதன் தாய் கூ த ஃபோலி. கூ த ஃபோலியின் தகப்பன் ஹேலோ. ஹேலோவின் தாய் காஸ்மா. கூ த ஃபோலியின் தாய் ரெய்ஸ் த ஸ்டாண்டர்ட்; அதன் தாய் நட்டால்மா. காஸ்மாவும் நட்டால்மாவும் ஒரு தாய் மக்கள். அந்தத் தாயின் பெயர் அல்மஹ்மூத், 1947இல் பிறந்தது. அதாவது கூ த ஃபோலியின் தந்தை பக்கத்தில் மூன்று தலைமுறை ஏறினாலும், தாய் பக்கத்தில் மூன்று தலைமுறை ஏறினாலும் நாம் போய்ச் சேர்வது ஒரே பெண் குதிரையிடம். ஒரே ஆண் குதிரையின் பெயர் இருபுறமும் வருவது பந்தயக் குதிரைகளில் சாதாரணம்; ஒரே பெண் குதிரையின் இரத்தத்தை இப்படி இருபுறமும் திட்டமிட்டுச் சேர்ப்பது, அந்தப் பெண் குதிரையின்மேல் வளர்ப்பாளர்கள் வைத்த நம்பிக்கையைக் காட்டுகிறது.

நட்டால்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1960இல் கென்டக்கி ஓக்ஸ் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது அதன் முழங்கால் எலும்பு உடைந்தது. ஓட்டம் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும், இனச்சேர்க்கைப் பருவம் ஏறத்தாழ முடியும் தறுவாயில் அதை நியார்க்டிக் என்ற குதிரையோடு சேர்த்தார்கள். மறு ஆண்டு மே 27 அன்று, மற்றக் குட்டிகளுக்கெல்லாம் பிந்தி, கனடாவில் பிறந்த அதன் முதல் குட்டிதான் நார்தர்ன் டான்சர். உயரம் குறைந்த அந்தக் குதிரை 1964 கென்டக்கி டெர்பியை வென்றது. பின்னர் உலகின் தரோபிரெட் வம்சாவளிகளில் எங்கும் நிறைந்த பெயராயிற்று. நட்டால்மாவின் முழங்கால் உடையாமல் இருந்திருந்தால் அந்த ஆண்டு அந்தச் சேர்க்கை நடந்திருக்காது. வின்க்ஸின் வம்சாவளிப் பக்கத்தில் நட்டால்மா என்ற பெயர் வரும் இடத்தை நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கிறேன்.

வின்க்ஸின் சொந்தத் தாய் வேகஸ் ஷோகேர்ள் நியூசிலாந்தில் பிறந்தது. அல் அக்பரின் மகள். தாய் வேகஸ் மேஜிக், அது வூடூ ரிதமின் மகள். உலக ஏலங்களில் விலையை ஏற்றும் பெயர்கள் அல்ல இவை. ஆனால் வேகஸ் ஷோகேர்ள் தானே களத்தில் ஓடி ஏழு பந்தயம் வென்ற, எலும்பு உறுதியான, உழைக்கும் குதிரை. கமில்லேரி அதை வாங்கி ஸ்ட்ரீட் க்ரையோடு சேர்த்ததன் கணக்கு எனக்குத் தெளிவாகப் புரிகிறது: தகப்பன் பக்கம் ஐரோப்பிய, அமெரிக்க உயர்குடி; தாய் பக்கம் தென்கோளத்தின் கடினமான தரைகளில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்த உடல். ஏழு வயதுவரை, 43 முறை பந்தயத் திடலுக்குப் போய், கால் ஊனமின்றித் திரும்பிய வின்க்ஸின் உடல்வலிமையில் வேகஸ் ஷோகேர்ளின் பங்கு பெரிது என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு ஒப்பாக, ஸ்ட்ரீட் க்ரையின் இன்னொரு மகளையும் பார்க்கலாம். 2004இல் கென்டக்கியில் பிறந்த ஸென்யாட்டா, 20 பந்தயங்களில் 19 வென்றது. 2009இல் அமெரிக்காவின் பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்தை வென்ற முதல் பெண் குதிரை அதுவே. 2010இல் அதே பந்தயத்தில் பிளேம் என்ற ஆண் குதிரையிடம் தலையளவில் தோற்றது ஒன்றுதான் அதன் தோல்வி. அதுவும் கடைசியில் ஓடி, நேர்ப்பாதையில் எல்லாவற்றையும் தாண்டி வரும் குதிரை. ஓட்டத்தைப் பார்ப்பவர்கள் இரண்டுக்கும் உள்ள சாயலைத் தகப்பனிடம் கண்டார்கள். ஆனால் உடலமைப்பில் இரண்டும் வேறு. ஸென்யாட்டா பதினேழு கைக்கும் (ஒரு கை என்பது நான்கு அங்குலம்) மேலான உயரம், அது வைக்கும் எட்டும் நீளமானது. அதன் தாய் வெர்டிஜினோ, கிரிஸ் எஸ் என்ற குதிரையின் மகள். வெர்டிஜினோவின் இன்னொரு மகளான பேலன்ஸ், தண்டர் கல்ச் என்ற வேறொரு குதிரைக்குப் பிறந்து, அதுவும் உச்ச நிலைப் பந்தயங்களை வென்றது. ஒரு தாய்க்கு வெவ்வேறு தகப்பன்மாரிடம் இரண்டு உச்ச நிலை மகள்கள் என்றால், சிறப்பு எங்கே இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் தாய்வழியும் உறுதிமொழி தருவதில்லை. ஸென்யாட்டாவை பெர்னார்டினி, டாபிட் போன்ற மிக உயர்ந்த பொலிகுதிரைகளோடு சேர்த்தார்கள். பிறந்த காஸ்மிக் ஒன், ஸிகானிக் ஆகிய இரண்டு மகன்களும் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லவில்லை. 2014இல் பிறந்த பெண் குட்டி சில நாட்களிலேயே இறந்துபோனது. வின்க்ஸுக்கும் தாய்மை எளிதாக அமையவில்லை. ஐ ஆம் இன்வின்சிபிள் என்ற குதிரைக்குக் கருவுற்ற முதல் பெண் குட்டியை 2020இல் இழந்தது. அப்போது வின்க்ஸின் உயிரே ஆபத்தில் இருந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில் 33 வெற்றியும் எனக்கு மறந்துபோயிற்று. அது பிழைத்தால் போதும் என்றிருந்தது.

2022 அக்டோபரில் பியேரோ என்ற குதிரைக்கு ஒரு பெண் குட்டி பிறந்தது. 2024 ஏப்ரலில் சிட்னியில் நடந்த இங்லிஸ் ஈஸ்டர் ஏலத்தில் அந்தக் குட்டி ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது. ஒரு வயதுக் குட்டிக்கு ஆஸ்திரேலியாவில் அதுவரை யாரும் கொடுக்காத விலை. வாங்கியவர் வின்க்ஸின் உரிமையாளர்களில் ஒருவரான டெபி கெபிடிஸே. தாயின் இரத்தம் வெளியே போகக் கூடாது என்று அவர் பணத்தைக் கொட்டினார் என்றே நான் புரிந்துகொள்கிறேன். கின்சியன்யெரா என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதன் தகப்பன் பியேரோ, 2012இல் ஆஸ்திரேலியாவின் இரண்டு வயதுக் குதிரைகளுக்கான மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. பியேரோவின் தகப்பன் லோன்ரோ. லோன்ரோவின் தகப்பன் ஆக்டகோனல் 1995 காக்ஸ் பிளேட்டின் வெற்றிக் குதிரை. ஆகவே இந்தக் குட்டிக்கு மூனி வேலியின் வெற்றி இருபுறமும் இருக்கிறது. ஓட்டத்தில் அது தாயின் பாதியளவு வந்தாலும் வராவிட்டாலும், பண்ணைக்குத் திரும்பிய பிறகு அதன் மகள்களும், மகள்களின் மகள்களும் எந்தத் தகப்பன்மாரோடு சேர்க்கப்படுகிறார்கள் என்பதை நான் கவனித்துக்கொண்டே இருப்பேன். அல்மஹ்மூத் பிறந்து கூ த ஃபோலி வரை வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.